எந்த விலையில் கையை இறக்குவது?

நாளிதழின் உட்பக்கத்தில் பொடி எழுத்தில் வரும் ஏல அறிவித்தலை முழுதாக வாசிப்பவர்கள் குறைவு. கடன் பெற்றவரின் பெயர், ஈட்டு முறியின் இலக்கம், அதை அத்தாட்சிப்படுத்திய நொத்தாரிசு, நில அளவையாளரின் பிளான் இலக்கம், அதிலே துண்டு இலக்கம் என்று அது நீண்டு போகும். பிறகு இடம் வரும்: அம்பாறை மாவட்டம், கரைவாகுப் பற்று, கல்முனைக்குடி. வடக்கே இன்னாருடைய வளவு, கிழக்கே ஒழுங்கை என்று நான்கெல்லை. விஸ்தீரணம் ஏக்கர் 0, றூட் 0, பேர்ச் 12.5. அதிலுள்ள வீடு, கிணறு, பயன்தரு மரங்கள் உட்பட சகல உரிமைகளும். ஏலம் நடக்கும் நாளும் நேரமும் இருக்கும். விலை மட்டும் இருக்காது.

அந்த விலையை வாங்க வருகிறவர் தானே கண்டுபிடித்து மனதில் எழுதிக்கொண்டு போக வேண்டும். பேர்ச் கணக்கில் காணி விற்கும் நம் கரையில், மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று வரை, ஆயுட்காலச் சேமிப்பு முழுவதும் ஒரே வளவுக்குள் போய்விடுகிறது. அப்படிப்பட்ட பணத்தை, ஒருவர் உரத்த குரலில் 'ஒருதரம், இரண்டுதரம்' என்று கூவும் சில நிமிடங்களுக்குள் தீர்மானிக்க விடுவது ஆபத்து. அந்த எண்ணை எப்படிக் கணக்கிடுவது என்பதைப் பொருளியலாளர்கள் 60 ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்திருக்கிறார்கள். 2020ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசு இந்தத் துறையில் உழைத்த போல் மில்கிரோம், ரொபர்ட் வில்சன் இருவருக்கும் கிடைத்தது. அவர்கள் கண்டவற்றில் பெரும்பகுதி நம் ஊர் வளவுக்கும் அப்படியே பொருந்தும்.

முதலில் சட்டம். ஈடு வைத்த ஆதனத்தை வங்கி ஏலத்தில் விற்பது பெரும்பாலும் 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ். ஊரில் பராட்டே சட்டம் என்றால்தான் விளங்கும். வழக்குப் போடாமல், பணிப்பாளர் சபையின் தீர்மானம் ஒன்றைக் கொண்டே வங்கி விற்கலாம். தீர்மானத்தை வர்த்தமானியிலும் மூன்று மொழி நாளிதழ்களிலும் வெளியிட வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் சிறு, நடுத்தரத் தொழில் செய்தவர்கள் பலர் இதில் அகப்பட்டதால், 2024இல் பாராளுமன்றம் இந்த அதிகாரத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது.

கட்டும் முறையும் அறிவித்தலிலேயே இருக்கும். சிலவற்றில் கொள்விலையின் 10 வீதம், பலவற்றில் 25 வீதம் ஏலம் விழுந்த இடத்திலேயே கட்ட வேண்டும். உள்ளூராட்சி வரி 1 வீதம், ஏலக்காரரின் தரகு 2.5 வீதம், விளம்பரச் செலவில் ஒரு பங்கு, எழுதுவினைஞருக்கும் கூவுபவருக்கும் கட்டணம், நொத்தாரிசு செலவு எல்லாம் அதற்கு மேல். 100 இலட்சத்துக்கு விழுந்தால், 25 வீத அறிவித்தலின்படி அன்றே ஏறத்தாழ 28.5 இலட்சமும் சில்லறைச் செலவும் கையில் இருக்க வேண்டும். மிகுதி 75 இலட்சத்துக்கு வழக்கமாகத் தரும் தவணை 30 நாள். தவறினால் கட்டிய முற்பணம் போய்விடும். வளவு மறுபடியும் ஏலத்துக்கு வரும். எங்காவது கடன் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் கை உயர்த்தியவருக்கு இதைவிடப் பெரிய அடி இல்லை. ஆகவே மனதிலுள்ள எண்ணிலிருந்து இந்தச் செலவுகளை வீட்டிலேயே கழித்துவிட வேண்டும். கையில் இருக்கும் பணம் 100 இலட்சம் என்றால் 100 இலட்சம் வரை கேட்க முடியாது.

இனி விஷயத்துக்கு வருவோம். ஒரு வளவின் பெறுமதியில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று உங்களுக்கு மட்டும் உரியது. மற்றது யார் வாங்கினாலும் ஒன்றே. இரண்டையும் பிரித்துப் பார்க்காதவர்தான் ஏலத்தில் ஏமாறுகிறார்.

உங்களுக்கு மட்டும் உரிய பகுதியை நம் கரையில் விளக்குவது எளிது. இங்கே திருமணமானால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகப் போகும். அக்கரைப்பற்றில் நீண்ட காலம் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, முஸ்லிம்களும் தமிழர்களும் இங்கே பகிர்ந்துகொள்ளும் இந்தத் தாய்வழிக் குடி வழக்கத்தை விரிவாக எழுதியிருக்கிறார். இதன் பொருளாதார விளைவு என்ன? உம்மாவின் வேலியை ஒட்டிய வளவு ஏலத்துக்கு வந்தால், அந்த வீட்டில் இன்னும் இரண்டு பெண் பிள்ளைகள் இருந்தால், அந்தக் குடும்பத்துக்கு அது சந்தை விலையைவிடப் பெறுமதியானது. அக்கரைப்பற்றிலிருந்து முதலீட்டுக்காக வந்தவருக்கு அந்தக் கூடுதல் பெறுமதி இல்லை.

இப்படிப்பட்ட சொந்தப் பெறுமதிக்குத் திறந்த ஏலத்தில் உத்தி மிக எளிது. உங்கள் எண் எதுவோ அதுவரை நில்லுங்கள். அது வந்ததும் கையை இறக்குங்கள். அதற்குக் கீழே வெளியேறினால், இலாபமாகக் கிடைக்கக்கூடியதை விடுகிறீர்கள். அதற்கு மேலே நின்றால் நட்டத்துக்கு வாங்குகிறீர்கள். மற்றவர் என்ன நினைக்கிறார் என்று ஊகிக்கவே தேவையில்லை. விலை நின்றுவிடுவது இரண்டாவது ஆள் வெளியேறும் இடத்தில். உங்கள் உச்ச எண்ணை நீங்கள் கட்டப் போவதில்லை. ஆகவே உச்ச எண்ணைக் குறைத்து வைத்துக்கொள்வதால் எந்த ஆதாயமும் இல்லை.

பொதுப் பகுதி அப்படியல்ல. உறுதி சுத்தமா? முதிசக் காணியில் பிரிபடாத பங்கு யாருக்காவது நிற்கிறதா? 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த அனுமதிப்பத்திரக் காணி ஏதும் கலந்திருக்கிறதா? வீட்டுக்குள்ளே யார் இருக்கிறார்கள்? வங்கியின் விற்பனைச் சான்றிதழ் உரித்தைத் தரும். உள்ளே இருப்பவர் எழும்பாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் கையளிப்புக் கட்டளை கேட்டு நிற்க வேண்டும். கடற்கரை வளவென்றால் இன்னும் கேள்விகள். 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி கடலின் உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீட்டர் கரையோர வலயம். சுனாமிக்குப் பிறகு கிழக்கில் முதலில் 200 மீட்டருக்குள் வீடு கட்டத் தடை போட்டார்கள், பின்னர் தளர்த்தினார்கள். ஒலுவில் துறைமுகத்தின் அலைத்தடுப்புக்குப் பின் வடக்குப் பக்கம் கடல் நிலத்தை அரித்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். இவற்றுக்கான விடை யார் வாங்கினாலும் ஒன்றே. ஆனால் ஏல நாளன்று யாருக்கும் முழுதாகத் தெரியாது. ஆளாளுக்கு ஒரு மதிப்பு வைத்திருப்பார்கள்.

இங்கேதான் பொறி இருக்கிறது. 1971இல் அட்லாண்டிக் ரிச்ஃபீல்ட் எண்ணெய் நிறுவனத்தின் மூன்று பொறியியலாளர்கள், கேப்பன், கிளாப், கெம்பல், ஒரு கட்டுரை எழுதினார்கள். மெக்சிக்கோ வளைகுடாவின் கடற்படுகைத் துண்டுகளை ஏலத்தில் எடுத்த கம்பனிகளுக்கு ஏன் எதிர்பார்த்த வருமானம் வரவில்லை என்பதே அவர்களின் கேள்வி. எல்லோரும் ஒரே கடற்படுகையைத்தான் அளந்தார்கள். சிலர் கூட மதித்தார்கள், சிலர் குறைய மதித்தார்கள். எல்லோர் மதிப்பின் சராசரியும் சரியாகவே இருந்தாலும், ஏலத்தை எடுப்பவர் சராசரிக்காரர் அல்லவே. எல்லோரிலும் கூட மதித்தவர். வென்றது என்பதே 'உன் கணக்கு மற்ற எல்லோருடையதையும்விட மேலே போய்விட்டது' என்ற செய்தி. வென்றவரின் சாபம் என்று இதற்குப் பெயர் வந்தது.

1983இல் மேக்ஸ் பேஸர்மன், வில்லியம் சாமுவேல்சன் இருவரும் பொஸ்டன் பல்கலைக்கழக வணிக மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். 8 டொலர் பெறுமதியான சில்லறையும் அதுபோன்ற பொருள்களும் போட்ட போத்தல்களைக் காட்டி, உள்ளே எவ்வளவு இருக்கும் என்று மதிக்கச் சொல்லி, ஏலம் கேட்கவும் சொன்னார்கள். மாணவர்களின் மதிப்புகளின் சராசரி 5.13 டொலர், பயந்து குறைத்தே மதித்திருக்கிறார்கள். ஆனால் வென்ற கேள்விகளின் சராசரி 10.01 டொலர். குறைத்து மதித்த கூட்டத்திலும் வென்றவர் இரண்டு டொலர் நட்டப்பட்டார்.

இதை வளவுக்கு மாற்றிக் கணக்குப் பார்க்கலாம். ஒரு வளவின் உண்மைப் பெறுமதி 100 இலட்சம்; வருகிறவர்களின் மதிப்பு 80க்கும் 120க்கும் இடையில் எங்கும் சமமாக விழலாம் என்று கொள்வோம். ஒவ்வொருவரும் தம் மதிப்பு வரை கேட்கிறார்கள். இரண்டு பேர் வந்தால் ஏலம் சராசரியாக 93 இலட்சத்தில் நிற்கும், வாங்கியவருக்கு இலாபம். நான்கு பேர் வந்தால் 104. ஒன்பது பேர் வந்தால் 112. வாங்கியவர் 12 இலட்சம் நட்டத்தோடு வீட்டுக்குப் போவார். ஒன்பது மதிப்புகளில் உயர்ந்தது எதுவோ அது சராசரியாக 116, அதாவது உண்மையைவிட 16 இலட்சம் கூட. ஆகவே கூட்டம் பெருகப் பெருக, பொதுப் பகுதிக்கான உங்கள் மதிப்பிலிருந்து கழிக்க வேண்டிய தொகையும் பெருக வேண்டும். நம் உள்ளுணர்வு நேரெதிராகப் போகிறது. பத்துப் பேர் மோதினால் 'ஏதோ நல்ல சாமான்தான்' என்று நாமும் ஏற்றுகிறோம்.

கழிவைக் குறைக்க ஒரே வழி அறியாமையைக் குறைப்பது. ஏலத்துக்கு முன் கல்முனைக் காணிப் பதிவகத்தில் பதிவேட்டைத் தேடுங்கள். பிளானைக் கையில் எடுத்துக்கொண்டு நில அளவையாளரோடு போய் எல்லைக் கற்களைப் பாருங்கள். சுனாமி எத்தனையோ வேலிகளையும் கற்களையும் அள்ளிக்கொண்டு போன கரை இது, காகிதத்தில் 12.5 பேர்ச் இருந்தால் தரையிலும் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. வீட்டுக்குள் இருப்பவர்களோடு மரியாதையாகப் பேசுங்கள். அவர்கள் கடனாளிகள்தான், குற்றவாளிகள் அல்லர். எவ்வளவு பேர்ச் குறைகிறது, எத்தனை மாதம் வழக்குக்குப் போகும் என்று தெரிந்துகொண்டால், 80 முதல் 120 வரை பரந்திருந்த உங்கள் மதிப்பு 95 முதல் 105 வரை சுருங்கும். கழிக்க வேண்டியதும் அதோடு சுருங்கும்.

திறந்த ஏலத்துக்கு இன்னொரு நன்மை உண்டு. மில்கிரோமும் ரொபர்ட் வெபரும் 1982இல் காட்டியது இது: மற்றவர்கள் எந்த விலையில் விலகுகிறார்கள் என்பதே தகவல். அந்த ஒழுங்கையிலேயே பிறந்து வளர்ந்தவர் ஆரம்பத்திலேயே விலகினால், அவருக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். கூவுபவரைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். கூட்டத்தைப் பாருங்கள்.

ஆனால் அந்தத் தகவல் பொய்யாகவும் இருக்கலாம். வாங்கும் எண்ணமே இல்லாமல், விலையை ஏற்றிவிடக் கை உயர்த்துகிறவர் ஒருவர் கூட்டத்தில் நின்றால், நீங்கள் வாசிக்கும் செய்தி நஞ்சாகிவிடுகிறது. இதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவு இருக்கிறது. மார்க்கச் சட்டத்தில் 'நஜ்ஷ்' என்று பெயர். ஏலம் என்ற முறையையோ மார்க்கம் ஏற்கிறது. உதவி கேட்டு வந்த அன்ஸாரி ஒருவரின் விரிப்பையும் மரக் கிண்ணத்தையும் நபியவர்களே கூட்டத்தில் விலை கேட்டு, ஒரு திர்ஹம் என்றபோது கூடத் தருபவர் யார் என்று வினவி, இரண்டு திர்ஹமுக்கு விற்றுக் கொடுத்த செய்தி அபூதாவூத், இப்னு மாஜா தொகுப்புகளில் வருகிறது. அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் உண்டென்று அறிஞர்கள் சிலர் சொன்னாலும், ஏல விற்பனையை மார்க்கச் சட்ட அறிஞர்கள் பேசும்போதெல்லாம் இது எடுத்தாளப்படுகிறது. ஏலம் ஆகும், நஜ்ஷ் ஆகாது என்ற பிரிவினை, தகவலைப் பற்றிய இன்றைய கோட்பாட்டோடு எவ்வளவு நெருக்கமாகப் போகிறது என்பது என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்தி யோசிக்க வைக்கிறது.

மாநகர சபையோ பிரதேச சபையோ சந்தைக் கடைகளைக் குத்தகைக்குக் கொடுக்கும்போது மூடிய உறையில் கேள்வி கோரும். அங்கே கணக்கு மாறும். வென்றால் நீங்கள் எழுதியதையே கட்ட வேண்டும். ஆகவே சொந்தப் பெறுமதியையும் குறைத்தே எழுத வேண்டும். எவ்வளவு? மற்றவர்களின் மதிப்பு பூச்சியத்திலிருந்து ஓர் உச்சம் வரை சமமாகப் பரந்திருக்கும் எளிய நிலையில், இரண்டு பேர் போட்டியென்றால் பாதி, ஐந்து பேர் என்றால் ஐந்தில் நான்கு பங்கு, பத்துப் பேர் என்றால் பத்தில் ஒன்பது பங்கு. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் விக்ரி 1961இல் இதைக் காட்டினார். மதிப்புகள் 0 முதல் 90 இலட்சம் வரை என்று எடுத்தால், இருவரின் மதிப்பு சராசரியாக 30உம் 60உம் ஆக விழும். திறந்த ஏலம் 30இல் நிற்கும். மூடிய உறையில் 60காரர் பாதியை, அதாவது 30ஐயே எழுதுவார். விற்பவருக்கு இரண்டும் ஒன்றே! விக்ரிக்கு 1996 ஒக்டோபரில் நோபல் அறிவித்தார்கள்; மூன்றே நாளில் அவர் காலமானார்.

மூடிய உறையின் எதிரி கசிவு. ஜெர்மன் கவிஞர் கோத்தே 1797இல் ஒரு காவியத்தை விற்றபோது, தன் குறைந்தபட்ச விலையை உறையில் போட்டு இடையாள் ஒருவரிடம் கொடுத்தார். பதிப்பாளர் அதைவிடக் கூடக் கேட்டால் உறையில் உள்ள தொகைக்கே தருவேன் என்றார். குறையக் கேட்டால் பேச்சு முடிந்தது. பதிப்பாளர் தன் மனதிலுள்ள உண்மை விலையைச் சொல்லட்டும் என்பதே நோக்கம். உறையில் 1,000 தாலர். பதிப்பாளர் கேட்டதும் சரியாக 1,000. இடையாள் சொல்லிவிட்டார் என்பதே ஆய்வாளர்களின் முடிவு. ஏல நாள் காலையில் தேநீர்க் கடையில் "காக்கா, எவ்வளவு மட்டும் போவீங்க?" என்று சிரித்தபடி கேட்பவருக்குச் சொல்லக்கூடாத ஒரே விடை உங்கள் எண்தான்.

கூடிப் பேசிக்கொண்டு விலையை அமுக்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இது திறந்த ஏலத்தில் எளிது. பேச்சை மீறியவர் யாரென்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். ஐந்து பேர் வெளியே நின்று 'இதை நீ எடு, அடுத்ததை நான்' என்று முடித்துக்கொண்டால் நட்டம் வங்கிக்குத்தானே என்று நினைக்கிறார்கள். அது தவறு. கடனும் செலவும் கழிந்த மிகுதி சட்டப்படி கடனாளிக்குச் சேர வேண்டியது. அமுக்கப்பட்ட ஒவ்வொரு இலட்சமும் வீட்டை இழந்த குடும்பத்தின் கையிலிருந்து எடுத்தது. மிகுதி வராதபடி விலை விழுந்தால் அந்தக் குடும்பத்தின் கடனே தீராமல் நிற்கும்.

இதற்கு மருந்தும் ஆய்வில் இருக்கிறது. ஜெரமி புலோ, போல் கிளெம்பெரர் இருவரும் 1996இல் நிறுவியது: எத்தனை சாமர்த்தியமாகப் பேரம் பேசினாலும், ஏலத்துக்கு இன்னுமொரு உண்மையான கேள்விக்காரரைக் கொண்டுவருவதே விற்பவருக்குப் பொதுவாகக் கூடுதல் ஆதாயம். 2000ஆம் ஆண்டில் ஐரோப்பா கைப்பேசி அலைவரிசைகளை ஏலம் விட்டபோது இது கண்கூடானது. பிரித்தானியாவில் 13 கம்பனிகள் மோதி 22.5 பில்லியன் பவுண் சேர்ந்தது. சுவிட்சர்லாந்தில் நான்கு உரிமங்களுக்கு நான்கே பேர் எஞ்சினார்கள். தலைக்கு ஏறத்தாழ 20 யூரோதான் விழுந்தது, பிரித்தானியாவில் 650. ஆகவே வீடு ஏலத்துக்குப் போகும் குடும்பத்துக்கு நான் சொல்வது: வெட்கப்பட்டு அறிவித்தலை மறைக்காதீர்கள். கொழும்பிலும் கட்டாரிலும் இருக்கிற உறவினருக்கு அனுப்புங்கள். வருகிற ஒவ்வொரு ஆளும் உங்கள் பக்கம்.

கடைசியாக நம் ஊரில் அடிக்கடி நடக்கிற ஒன்று: பங்கு வழக்கு. வாப்பா மௌத்தான பின் சிறு வளவொன்று பிள்ளைகளுக்குள் பிரிபட வேண்டும், பேர்ச் காணாது. 1977ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் விற்பனைக்குக் கட்டளையிடலாம். அந்த ஏலத்தில் பங்காளிகள் வாங்குபவர்களும் விற்பவர்களுமாக ஒரே நேரத்தில் நிற்கிறார்கள். கணக்கும் அதற்கேற்பத் திரும்புகிறது.

பாதிப் பாதி உரித்துள்ள இரண்டு சகோதரர்களை எடுங்கள். மூத்தவருக்கு வளவு 100 இலட்சம் பெறும், இளையவருக்கு 80. எந்த விலைக்கு விழுந்தாலும் எடுத்தவர் அதில் பாதியை மற்றவருக்குக் கொடுப்பார். இளையவர் 80இல் விலகினால் அவர் கையில் 40. மூத்தவருக்கு அந்த 40 போக 60 மிஞ்சும். இளையவர் மூத்தவரின் மனதை அறிந்து 90 வரை ஏற்றிவிட்டு விலகினால் 45 கிடைக்கும். ஆனால் மூத்தவர் திடீரென்று விட்டுவிட்டால், 80 பெறுமதியான வளவை 90க்கு எடுத்து, 45 கொடுத்து, 35ஓடு நிற்பார். ஐந்து இலட்சம் கூட வருமா, ஐந்து இலட்சம் குறையுமா என்ற சூது அது. பங்காளி தன் சொந்தப் பெறுமதிக்கு மேலேயும் ஏற்றத் தூண்டப்படுகிறார். வெளியாள் ஒருவர் அந்த ஏலத்தில் நின்றால் அவருக்கு இரட்டை எச்சரிக்கை தேவை: விலை ஏறுவது பங்காளியின் ஆசையால் அல்ல, பங்கால் இருக்கலாம், அந்த வளவில் பிறந்தவர்கள் எல்லோரும் கையை இறக்கிய பிறகும் தன் கை மேலேயே இருந்தால், உறுதியையும் எல்லையையும் அவர் இன்னொரு தடவை பார்த்திருக்க வேண்டும்.

சகோதரர்களுக்கோ இதைவிட நல்ல வழி உண்டு. 1987இல் பீட்டர் க்ராம்டன், ரொபர்ட் கிபன்ஸ், போல் கிளெம்பெரர் மூவரும் எழுதிய கட்டுரை, பங்குகள் ஏறத்தாழச் சமமாக இருந்தால் வளவு அதை மிகவும் வேண்டுபவரிடமே போய்ச் சேரும்படியும், எவருக்கும் நட்டமில்லாமலும் பங்காளிகளுக்குள் ஏலத்தை அமைக்க முடியும் என்று நிறுவியது. எளிய வடிவில், ஆளுக்கொரு தொகையை உறையில் போட்டுப் பொதுவான ஒருவரிடம் கொடுக்கலாம். கூட எழுதியவர் வளவை எடுத்து மற்றவரின் பங்கைப் பணமாகக் கொடுக்கலாம். இதற்கு நீதிமன்றம் தேவையில்லை. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபடுவதற்கு முன், ஒரு மஃரிபுக்குப் பிறகு வீட்டிலேயே முடிக்கலாம்.